பிளாங்க் விடத் தெரிந்தவர்களுக்கு

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும், அதே வேலை எடிட்டிங் என்றும் ஸ்கிரைப் என்றும் பெயர் மாற்றிக்கொண்டு வந்திருக்கும் இடங்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும்,



புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "அக்கா, எந்த புக் வாங்கலாம்? எந்த சைட் பார்க்கலாம்? ஒரு லிஸ்ட் கொடுங்களேன்." லிஸ்ட் கொடுப்பது சுலபம். அதை வாங்கி பிரவுசரில் புக்மார்க் போட்டுவிட்டு, ஃபைல் வந்ததும் கூகுளில் முதலில் விழுந்ததை எடுத்து ஒட்டுகிறவர்களின் ஃபைல்களைத் திருத்துவதிலேயே என் க்யூ.ஏ. காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. அதனால் இந்த மடலில் லிஸ்ட் வரும், ஆனால் எந்தப் பிழைக்கு எது மருந்து என்ற கணக்கோடு வரும்.

முதலில் ஒரு வழக்கு. 2008-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், சர்க்கரை நோயுள்ள ஒரு பெண்ணை மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வு மையத்துக்கு மாற்றினார்கள். மருத்துவர் டிக்டேட் செய்த டிஸ்சார்ஜ் சம்மரி இந்தியாவில் டைப் ஆனது. லெவெமிர் இன்சுலின் 8 யூனிட் என்பது 80 யூனிட் என்று வந்துவிட்டது. மருத்துவர் கையெழுத்து இன்னும் விழாத அந்த வரைவை வைத்தே அடுத்த இடத்துக்கு மருந்துக் குறிப்பு எழுதினார்கள். அந்தப் பெண் இறந்துபோனார். 2012-ல் ஜூரி 14 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

இதைச் சொல்லிப் பயமுறுத்துவது பயிற்சி வகுப்புகளில் வாடிக்கை. எனக்கு அதில் வேறொரு கேள்வி. எந்த அகராதி இந்தப் பிழையைத் தடுத்திருக்கும்? மருந்தின் பெயர் சரி, எழுத்து சரி, இலக்கணமும் சரி. நாளுக்கு 80 யூனிட் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். எனவே மருந்துப் புத்தகத்தைப் புரட்டினாலும் அது "நடக்கக்கூடியதே" என்று தலையாட்டியிருக்கும். இப்படிப்பட்ட எண்ணைப் பிடிக்க வழி இரண்டுதான். அதே ஃபைலில் முன்னால் சொன்ன மருந்துப் பட்டியலோடும், கிடைத்தால் அதே நோயாளியின் பழைய ரிப்போர்ட்டோடும் ஒப்பிடுவது ஒன்று. அதிலும் தெளியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக, அதாவது பிளாங்க், விட்டு, ஒலியில் அது வரும் நேரம் குறித்து, டாக்டர் பார்க்கும்படி ஃப்ளாக் போட்டு அனுப்புவது இன்னொன்று. நம் தொழிலில் உள்ள உதவிகள் எல்லாமே கடைசியில் இந்த முடிவை எடுக்கத்தான்: இதை நான் கேட்டேனா, ஊகித்தேனா?

காதிலிருந்து தொடங்குவோம். "ஏஃபெப்ரைல்" ஒரே சொல்லானால் காய்ச்சல் இல்லை; "ஏ" தனியாகப் பிரிந்தால் காய்ச்சல் இருக்கிறது. "ஏசிம்ப்டமேடிக்", "ஏடிபிகல்" எல்லாம் இதே ரகம். "நோ" என்றாரா "நவ்" என்றாரா என்பதில் ஒரு நோய் வரும், போகும். டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்க முடியவில்லை, டிஸ்ஃபேசியா என்றால் பேச்சில் கோளாறு. பக்கவாத நோயாளிக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் சூழலும் கைகொடுக்காது. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பும் இலியம். ஆங்கிலத்தில் நடுவில் ஒரே ஓர் எழுத்து மாறும், காதுக்கு மாறவே மாறாது. பெரோனியல் நரம்பு காலில் ஓடுவது. பெரினியல் என்பது ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே உள்ள இடம். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1998-ல் வந்த உலக உடற்கூற்றுச் சொல் தொகுப்பு பெரோனியலை ஒதுக்கி ஃபிபுலர் என்ற சொல்லை முன்னால் வைத்தது. டாக்டர்கள் பாட்டுக்குப் பழைய பேரையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் அச்சு அகராதியைவிட ஒன்லுக் என்ற தேடல் அகராதி உதவும். அதில் நட்சத்திரக் குறியும் கேள்விக் குறியும் போட்டுத் தேடலாம். முதல் நான்கு எழுத்தும் கடைசி மூன்று எழுத்தும் தெரிகிறது, நடுவில் மட்டும் இரைச்சல் என்றால், நடுவில் ஒரு நட்சத்திரம் போட்டால் பொருந்தும் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். சொல் கிடைத்ததும் விட்டுவிடாதீர்கள். மெரியம் வெப்ஸ்டரின் மருத்துவ அகராதியில் உச்சரிப்பை ஒலியாகக் கேட்கலாம். ஃபைலில் கேட்டதோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு பொருளைப் படியுங்கள். ஒலி ஒத்துப்போய் பொருள் ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சொல் வேண்டாம்.

ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டுப் போடுங்கள். அவர் "பெர்ல்" என்று முழுங்குவது கண்மணிப் பரிசோதனையின் சுருக்கம், கடைசியில் அவசரமாக ஓட்டும் வாக்கியம் இன்னது, அவர் விரும்பும் தையல் நூல் இன்னது. நோயாளியின் பெயரோ தேதியோ அதில் ஏறவே கூடாது. டாக்டரின் பேச்சு மட்டும். ஓர் ஆளின் ஃபைல்களைச் சில வாரம் செய்துவிட்டால் அவர் மூச்சு விடும் இடம்கூடத் தெரிந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் நம்மூர் டாக்டர் பேசினால் அங்கே உள்ள எடிட்டர் தலையில் கைவைப்பார்; நமக்கு அது வரப்பிரசாதம். நமக்குக் கண்ணைக் கட்டுவது, மென்றுகொண்டே பேசும் டெக்சாஸ் பெரியவர்தான்.

அச்சு அகராதிகளில் டார்லண்ட் 1900-ல் முதலில் வந்தது, ஸ்டெட்மன் 1911-ல். இரண்டும் பல பதிப்புகள் கண்டவை. புதியது விலை அதிகம். பழைய புத்தகக் கடையில் பத்து வருடப் பழைய பதிப்பு கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். எலும்பும் நரம்பும் பத்து வருடத்தில் இடம் மாறிவிடாது. மருந்துப் புத்தகத்தைப் பழையதாக வாங்காதீர்கள், அது காசுக்குக் கேடு. ஸ்டெட்மன் பெயரில் வந்த துறைவாரியான சொற்பட்டியல் நூல்கள் பொருள் சொல்வதில்லை, எழுத்து மட்டும்தான்; எலும்பியல், இதயவியல் என்று ஒரே துறையில் நிலைத்திருப்பவருக்கு அவை பயன்படும், மற்றவர்களுக்கு இடத்தை அடைக்கும்.

நடைக்கு வேதம் என்று சொல்லப்படுவது புக் ஆஃப் ஸ்டைல். அதை வெளியிடும் அமைப்பு 1978-ல் அமெரிக்க டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்டுகளின் சங்கமாகத் தொடங்கி, 2007-ல் பெயரை ஏ.எச்.டி.ஐ. என்று மாற்றிக்கொண்டது. வாங்கிப் படியுங்கள். ஆனால் உங்கள் அக்கவுண்ட் ஸ்பெக்ஸ், அதாவது கிளையண்ட் தந்த விதிகள், வேறு சொன்னால் ஸ்பெக்ஸ்தான் ஜெயிக்கும். புத்தகத்தைக் காட்டி கிளையண்டோடு வாதாடியவர்கள் யாரும் வென்றதாக எனக்கு நினைவில்லை.

ஸ்பெக்ஸ் எது சொன்னாலும் சில விதிகளைக் கைக்குப் பழக்குங்கள். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், 2004-ல் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள் என்று ஒரு சிறு பட்டியலை வெளியிட்டது. யூனிட் என்பதற்கு ஒற்றை எழுத்துப் போடக் கூடாது. அது சுழியாகவோ நான்காகவோ படிக்கப்படும். மருந்து அளவில் முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியும் வேண்டாம், 1.0 என்பது 10 ஆகிவிடும். அரை மில்லிகிராமுக்கு முன்னால் சுழி கட்டாயம், இல்லையென்றால் .5 என்பது 5. ஆய்வக முடிவுகள் போன்றவற்றுக்குக் கடைசிச் சுழியில் விலக்கு உண்டு. மார்ஃபின் சல்ஃபேட்டையும் மெக்னீசியம் சல்ஃபேட்டையும் சுருக்கினால் ஒன்று இன்னொன்றாகிவிடும், ஆகவே முழுதாக எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பட்டியல் இது. அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மருந்துகள் தனி உலகம். செலிப்ரெக்ஸ் மூட்டு வலிக்கு, செலெக்சா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு. வாய்க்குள் முணுமுணுக்கும் டாக்டர் சொன்னால் மூன்றும் ஒன்று. ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கு, ஹைட்ரலசின் ரத்தக்கொதிப்புக்கு. வயிற்றுப்புண் மருந்தான லோசெக், சிறுநீர் பிரிக்கும் லேசிக்ஸோடு குழம்பியதால் 1990-ல் அமெரிக்காவில் ப்ரைலோசெக் ஆனது. பிரின்டெலிக்ஸ் என்ற மனச்சோர்வு மருந்து, இதய நோயாளிகளுக்குத் தரும் பிரிலின்டாவோடு குழம்பியதால் 2016-ல் டிரின்டெலிக்ஸ் ஆனது. எழுத்தில் பார்த்தவர்களே தடுமாறிப் பெயரை மாற்ற வேண்டியிருந்தது என்றால், இரைச்சலுக்கு நடுவே காதால் கேட்கும் நாம் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும் என்று பாருங்கள்.

இதற்கு இரண்டு இடங்கள் போதும், இரண்டும் இலவசம். ஐ.எஸ்.எம்.பி. என்ற மருந்துப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிடும் குழப்பமான பெயர்களின் பட்டியல் ஒன்று. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் டெய்லிமெட் இன்னொன்று. அதில் ஒவ்வொரு மருந்தின் அதிகாரபூர்வ லேபிளும் இருக்கிறது. பெயர் கிடைத்ததும் லேபிளில் மூன்று விஷயம் பாருங்கள்: எதற்குத் தருவது, எந்த வடிவம், எத்தனை மில்லிகிராமில் வருவது. டாக்டர் "இருபது" என்கிறார், அந்த மாத்திரை 20-ல் வருவதே இல்லை என்றால் நீங்கள் பிடித்த பெயரோ எண்ணோ பிசகு. நோயாளிக்கு மனச்சோர்வு என்ற பேச்சே ஃபைலில் இல்லாமல் செலெக்சா வந்து நின்றால், மறுபடி கேளுங்கள். நம்மூர் மருந்துச் சீட்டில் பார்த்த பிராண்டு பெயரை வைத்து அமெரிக்க ஃபைலை அளக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு நாட்டில் இரண்டு வேறு மருந்து விற்பதும் உண்டு.

கேட்டது சரியா என்பதற்கு அடுத்து, அது பொருந்துகிறதா என்ற கேள்வி. இங்கேதான் படிப்பு தேவைப்படுகிறது. பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்கும் என்று தெரிந்தவர் "முப்பத்தைந்து" என்று காதில் விழுந்தால் நிற்பார். தெரியாதவர் டைப் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். அடிக்கடி வரும் ஆய்வக எண்களின் சாதாரண வரம்பை மனப்பாடம் செய்யுங்கள். அகராதியை மனப்பாடம் செய்வதைவிட அது லாபம். நோய்களைப் பற்றித் தெரிந்துகொள்ள மெட்லைன்பிளஸில் தொடங்குங்கள். சாதாரண மக்களுக்காக எழுதியது, ஆங்கிலம் எளிது. அதைத் தாண்டியவர்களுக்கு ஸ்டாட்பேர்ல்ஸ் கட்டுரைகள் இருக்கின்றன, தேசிய மருத்துவ நூலகத்தின் புக்‌ஷெல்ஃபிலேயே இலவசமாகப் படிக்கலாம். எம்.டி. சாம்பிள்ஸ் தளத்தில் ஆயிரக்கணக்கான மாதிரி ரிப்போர்ட்டுகள் உண்டு. வடிவம் பழக அது நல்லது. ஒரு சொல்லின் எழுத்துக்கு அதைச் சாட்சியாக வைக்காதீர்கள். பலரும் அனுப்பியவை அவை.

ரிப்போர்ட்டின் கட்டமைப்பே ஒரு துணை. நோயாளி சொன்னது, டாக்டர் பார்த்தது, அவர் நினைப்பது, செய்யப்போவது என்று நான்கு பகுதியாகப் பிரிக்கும் சோப் முறை, 1960-களில் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் முன்வைத்த ஒழுங்கிலிருந்து வந்தது. அவர் அதை மருத்துவர் ஒழுங்காகச் சிந்திப்பதற்காக வகுத்தார். நமக்கு அது பிழை பிடிக்க உதவுகிறது. முதல் பகுதியில் இடது முழங்கால் வலி, பரிசோதனையில் வலது முழங்காலில் வீக்கம், கடைசியில் இடது முழங்காலுக்கு ஊசி. நீங்களாக வலதை இடதாக மாற்றாதீர்கள். டாக்டர் நாக்குப் பிசகியிருக்கலாம், இரண்டு காலிலும் தொல்லை இருந்திருக்கலாம். உங்களுக்குத் தெரியாது. கேட்டபடி டைப் செய்து ஃப்ளாக் போடுங்கள், முடிவு அவருடையது.

ஆபரேஷன் நோட்டைக் கண்டு புதியவர்கள் நடுங்குவது நியாயம்தான். கருவிகளுக்கெல்லாம் ஆள் பெயர், எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தமே இருக்காது. "வீட்லேண்டர்" என்று அறுவை அறையில் சொல்வது வைட்லானர் என்ற ரிட்ராக்டர். "கோக்கர்" என்று கேட்பது, 1909-ல் நோபல் பரிசு வாங்கிய சுவிஸ் அறுவை மருத்துவர் கோஹரின் பெயரில் உள்ள இடுக்கி. நடுவில் சி-யும் எச்-சும் வரும். "த்ரீ ஓ விக்ரில்" என்றால் 3-0, நடுக்கோடு போட வேண்டும். 30 என்று போட்டால் அப்படி ஒரு நூலே கிடையாது. அறுவைக் கருவி விற்கும் கம்பெனிகளின் கேட்டலாக்கைப் படத்தோடு பாருங்கள். பித்தப்பை அகற்றுவது, முழங்கால் மாற்றுவது, சிசேரியன், கண்புரை: இந்த நான்கின் வீடியோவைப் பொறுமையாக ஒரு தடவை பார்த்தால், அடுத்த முறை டாக்டர் எந்தப் படியைத் தாண்டிப் பேசுகிறார் என்று உங்களுக்கே தெரியும். சாப்பிடும் நேரத்தில் மட்டும் பார்க்காதீர்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ஹெட்செட், காலில் ஃபுட் பெடல், சுருக்கத்தை முழுச் சொல்லாக விரிக்கும் ஓர் எக்ஸ்பாண்டர். எக்ஸ்பிரஸ் ஸ்கிரைப் போன்ற பிளேயரும், ஆட்டோஹாட்கீ போன்ற இலவச எக்ஸ்பாண்டரும் பழகுவதற்குப் போதும். கம்பெனி தரும் தளம் இருந்தால் அவர்கள் அனுமதிப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் முடித்தவர்கள் இதில் கொடுத்து வைத்தவர்கள். விரல் பார்க்காமல் ஓடுகிறவருக்குக் காது முழுதாகக் கிடைக்கும். எக்ஸ்பாண்டரில் ஓர் ஆபத்து இருக்கிறது. நான்கு எழுத்துத் தட்டினால் "வயிறு மென்மை, புரோஸ்டேட் சாதாரணம்" என்று முழுப் பத்தி வந்து விழும். நோயாளி பெண்ணாக இருந்தாலும் விழும். கருப்பை எடுத்தவருக்குக் கருப்பை சாதாரணம் என்றும் விழும். நார்மல் டெம்ப்ளேட் போட்டவர், டாக்டர் பேசுவதை அந்தப் பத்தி முழுக்கக் கேட்டே ஆக வேண்டும்.

இனி ரகசியம். நோயாளிகளின் தகவலைக் காக்கும் ஹிப்பா 1996-ல் வந்த அமெரிக்கச் சட்டம். 2013-ல் வந்த விதிகள், மருத்துவமனையிடம் நேரடியாக வேலை எடுக்கும் நிறுவனத்தோடு நிற்காமல், அவர்களிடம் துணை ஒப்பந்தம் எடுப்பவரையும் அதற்குள் கொண்டுவந்தன. அது ஏன் முக்கியம் என்று தெரிய 2003-க்குப் போக வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒரு பெரிய மருத்துவமனை கொடுத்த வேலை, கலிஃபோர்னியாவிலிருந்து ஃபுளோரிடா, அங்கிருந்து டெக்சாஸ், அங்கிருந்து கராச்சி என்று கை மாறிப் போனது. கடைசியில் டைப் செய்த பெண்ணுக்குக் கூலி வரவில்லை. பணம் தராவிட்டால் நோயாளிகளின் ரிப்போர்ட்டை இணையத்தில் போடுவேன் என்று அவர் மருத்துவமனைக்கே மின்னஞ்சல் எழுதினார். அவர் செய்தது தவறு. ஆனால் அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணிக்கு என்ன கூலி போய்ச் சேர்ந்தது என்று முதல் கண்ணியில் யாருமே விசாரிக்கவில்லை என்பதையும் நான் மறக்க மாட்டேன். கைமாறிக் கைமாறி வரும் வேலையை எடுக்கும் முன், மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

வீட்டிலிருந்து செய்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரே லாகினில் அக்காவும் தங்கையும் மாறி மாறி உட்காருவது பல வீடுகளில் நடக்கிறது. ஏதாவது கசிந்தால் மாட்டுவது லாகின் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான். அடுத்து, புரியாத வாக்கியத்தை முழுசாக எடுத்து இலவச ஏ.ஐ. சாட்டில் ஒட்டிக் கேட்பது. நோயாளியின் பெயர் இல்லையே என்பீர்கள். ஹிப்பா அடையாளம் என்று எண்ணுவது 18 வகை. பிறந்த தேதி, அட்மிஷன் தேதி, ரெக்கார்டு எண் எல்லாம் அதில் வரும். தேடினால் சொல்லை மட்டும் தேடுங்கள். வாக்கியம் உங்கள் திரையை விட்டு வெளியே போகக் கூடாது.

இப்போது எல்லோரும் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். மெஷின்தான் டைப் செய்கிறதே, நாம் எதற்கு? இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஓர் ஆய்வு 2018-ல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் வந்தது. 217 மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். பேச்சறி மென்பொருள் தந்த வடிவத்தில் நூறு சொல்லுக்கு 7.4 பிழை. டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் பார்த்த பிறகு 0.4. மருத்துவர் கையெழுத்துப் போட்ட பிறகு 0.3. இந்த மூன்று எண்ணையும் இன்னொரு தடவை படியுங்கள். 7.4-க்கும் 0.4-க்கும் நடுவில் இருப்பது நீங்கள். மென்பொருள் அன்றைக்கு இருந்ததைவிட இன்று தேறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிழையின் குணம் மாறியிருக்கிறது. விஸ்பர் என்ற பேச்சறி மாடலைப் பற்றி 2024-ல் வந்த ஆய்வில், ஏறக்குறைய நூற்றில் ஒரு ஒலித்துண்டுக்கு, யாரும் பேசாத சொற்றொடரையே அது எழுதிச் சேர்த்திருந்தது தெரிந்தது. பேச்சில் நீண்ட இடைவெளி விடுகிறவர்களின் ஒலியில் அது கூடுதல்.

நாம் விடும் பிழை பெரும்பாலும் பிழையாகத் தெரியும். எழுத்து விட்டுப்போகும், வாக்கியம் இடிக்கும். மெஷின் விடும் பிழை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரும். அதற்குப் பிளாங்க் விடவே தெரியாது என்பதுதான் கோளாறு. ஆகவே எடிட்டிங் செய்யும்போது திரையில் இருப்பதைப் படித்துக்கொண்டே கேட்காதீர்கள்; படித்த சொல்தான் காதிலும் கேட்கும். மருந்து, எண், இடது வலது, "இல்லை" என்ற சொல் இவை வரும் இடங்களில் கண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிட்டுக் கேளுங்கள், பிறகு திரையைப் பாருங்கள். வேகம் குறையும்.

வேகம் குறைந்தால் காசு குறையும் என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்து ஒரு லைன். எடிட்டிங் லைனுக்கு டைப்பிங் ரேட்டைவிடக் குறைவு, பல இடங்களில் பாதியை ஒட்டி. இந்தக் கணக்கு நிதானத்துக்குத் தண்டனை விதிக்கிறது. அதைத் தனி ஆளாக மாற்ற முடியாது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். ஹெடர், ஃபுட்டர், டெம்ப்ளேட் வரிகள் கணக்கில் சேருமா? ஃபைல் வராத இரவுக்கு என்ன? பிளாங்குக்கு லைன் வெட்டுவார்களா? சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இ.எஸ்.ஐ. உண்டு; "நீங்கள் கான்ட்ராக்டர்" என்று பேப்பரில் எழுதி அதைத் தட்டிவிடுவது பழைய தந்திரம். அப்படி கான்ட்ராக்டராக எழுதி வரி பிடித்திருந்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். வரி வரம்புக்குள் இருப்பவர்களுக்கு அந்தப் பணம் திரும்பி வரும். சும்மா விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஒரே அக்கவுண்டை நம்பியும் இருக்காதீர்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற கணினித் தாக்குதலில் நுவான்ஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்கிரிப்ஷன் தளம் வாரக்கணக்கில் முடங்கியது. அந்த நுவான்ஸே 2022-ல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய், இன்று டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு நேராக நோட் எழுதும் வேலையில் இறங்கியிருக்கிறது. வேலை நகர்கிறது. 2015 அக்டோபரில் அமெரிக்கா ஐ.சி.டி. 10 என்ற நோய்க் குறியீட்டுக்கு மாறியதை ஒட்டி நம்மூரில் மெடிக்கல் கோடிங் பக்கம் போனவர்கள் பலர். ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்த கண் அங்கே பாதிப் பாடம். ஏ.எச்.டி.ஐ. தரும் ஆர்.எச்.டி.எஸ்., சி.எச்.டி.எஸ். சான்றிதழ்கள் அமெரிக்க கிளையண்ட் முன் மதிப்புள்ளவை. தேர்வுக் கட்டணம் டாலரில் என்பதால், அந்தச் சான்றிதழுக்கு உங்கள் கம்பெனி ஏதாவது கூட்டித் தருமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லி முன்பணம் வாங்கும் பயிற்சி மையங்களுக்கு ஒரு பைசாவும் கட்டாதீர்கள்.

உடம்பைப் பற்றி. நியூயார்க்கில் நண்பகல் என்றால் கோடையில் நமக்கு இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி பார்த்தும் எடுக்கவில்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் ஆட்கள் கேட்காத சொல்லுக்கு முதலில் செய்வது வால்யூமைக் கூட்டுவது. அதைச் செய்யாதீர்கள். வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள், மேல்சுருதியைக் கூட்டிப் பாருங்கள், பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். இன்னொரு ஜோடிக் காது போல உதவி வேறில்லை. வீட்டிலிருந்து வேலை என்று வந்தபின் நாம் இழந்ததில் பெரியது அதுதான்.

கடைசியாக, இதைப் படிக்கக்கூடிய டீம் லீடுகளுக்கும் க்யூ.ஏ. மேலாளர்களுக்கும். 98 சதவீதம் துல்லியம் கேட்கிறீர்கள், கேளுங்கள். ஆனால் நேரம் குறித்து, எப்படிக் கேட்கிறது என்று எழுதி, எங்கெல்லாம் தேடினேன் என்று சொல்லி விட்ட பிளாங்குக்கும், சோம்பலில் விட்ட பிளாங்குக்கும் ஒரே மதிப்பெண் வெட்டுகிறீர்கள். அதே ஸ்கோர் ஷீட்டில் துணிந்து ஊகித்து எழுதிய தவறான மருந்து, யாரும் கவனிக்காவிட்டால், முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறது. முதல் வகைப் பிளாங்குக்கு மதிப்பெண் வெட்டாதீர்கள். நிரப்பிய பிளாங்கை, சரியான சொல்லோடும் அந்த இடத்து ஒலியோடும், விட்டவருக்கே திருப்பி அனுப்புங்கள். வாரத்தில் அரை மணி நேரம் அதற்கு ஒதுக்கினால், நான் மேலே எழுதிய சைட்டுகளும் புத்தகங்களும் சேர்ந்து கற்றுக்கொடுப்பதைவிட அது அதிகம் கற்றுக்கொடுக்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய க்யூ.ஏ. அக்கா